வேலிக்கு அந்தப் பக்கத்து இந்தியா: வங்க எல்லைக் கிராமங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லை என்றதும் நமக்குக் காஷ்மீர்தான் நினைவுக்கு வரும். அங்கே சுடுவார்கள், இங்கே பதிலுக்குச் சுடுவார்கள், ராத்திரி டிவியில் விவாதம் ஓடும். ஆனால் போரே இல்லாத, இரண்டு அரசுகளும் 'நட்பு நாடு' என்று சொல்லிக்கொள்ளும் ஒரு எல்லையில் வருஷா வருஷம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த எல்லையைச் சொல்கிறீர்கள்?

இந்தியா – வங்கதேச எல்லை. மொத்தம் 4,096 கி.மீ. அதில் 2,216 கி.மீ. மேற்கு வங்கத்தில் மட்டும். மீதி அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம். இந்தியாவின் மிக நீளமான நில எல்லை எது என்று கேட்டால் பாகிஸ்தான் அல்லது சீனா என்பார்கள். இதுதான் மிக நீளம். நான் பெரும்பாலும் சொல்லப்போவது வடக்கே கூச் பிஹார், தெற்கே முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களையும், கூச் பிஹாரை ஒட்டி வங்கதேசத்தில் இருக்கும் குடிகிராம் மாவட்டத்தையும் பற்றி.

அந்தக் கோட்டை யார் போட்டது?

சிரில் ராட்கிளிஃப் என்ற லண்டன் வழக்கறிஞர். ஐந்தே வாரத்தில். அதற்கு முன் அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. சுதந்திரம் 1947 ஆகஸ்ட் 15; கோடு எங்கே என்று அறிவித்தது ஆகஸ்ட் 17. அந்த இடைவெளியில் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி ஏறியது, இன்று வங்கதேசத்தில் இருக்கும் குல்னாவில் இந்தியக் கொடி ஏறியது. அப்புறம் இரண்டும் இறங்கி இடம் மாறின. மேற்கு வங்கத்தின் தெற்கு தினாஜ்பூரில் ஹிலி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் இந்தியாவில், ரயில் நிலையம் அந்தப் பக்கம்.

வேலி அந்தக் கோட்டின் மேல்தானே இருக்கும்?

இல்லை. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

1975இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட வழிகாட்டு நெறிப்படி, எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் யாரும் பாதுகாப்புக் கட்டுமானம் எழுப்பக் கூடாது. 1980களின் கடைசியில் இந்தியா வேலி போடத் தொடங்கியபோது, அதைத் தன் மண்ணுக்குள் 150 கஜம் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. நிலம் வளைந்து நெளிந்தால், ஆறு குறுக்கே வந்தால், இன்னும் உள்ளே. ஆக, வேலிக்கும் கோட்டுக்கும் நடுவே இந்தியாவின் வயல்கள், குளங்கள், சில இடங்களில் முழுக் கிராமங்களே மாட்டிக்கொண்டன. நதியா மாவட்டத்தின் சர் மேக்னா அப்படி ஒரு கிராமம். ஓட்டுப் போடுகிறவர்கள், ரேஷன் வாங்குகிறவர்கள், முழு இந்தியர்கள். ஆனால் இந்தியாவுக்குள் வர கேட் திறக்க வேண்டும்.

கேட் என்றால் இரும்புக் கதவு, பக்கத்தில் ஒரு காவல் கொட்டகை, உள்ளே மேஜை மேல் ஒரு பெரிய ரிஜிஸ்டர். பல இடங்களில் நாளுக்கு இரண்டு மூன்று முறை குறித்த நேரத்துக்குத் திறப்பார்கள். நிலம் அந்தப் பக்கம் இருக்கும் விவசாயி சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு பெயர் எழுதுவார்கள். சைக்கிளில் தொங்கும் பை, சாப்பாட்டுத் தூக்கு, உர மூட்டை எல்லாம் சோதனை. உள்ளே போனால் அடுத்த முறை திறக்கும்வரை அங்கேதான். மத்தியானம் மழை பிடித்தாலும், வயிற்றுவலி வந்தாலும், வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டாலும் காத்திருக்க வேண்டியதுதான். அறுவடைக்குக் கூலியாள் கூப்பிட்டால் வர மாட்டேன் என்பார்கள். பாதி நாள் கேட்டில் போய்விடும், யார் கூலி கொடுப்பது?

முள்வேலிக்கு வங்காளியில் 'காட்டாதார்' என்று பெயர். காட்டா என்றால் முள், தார் என்றால் கம்பி. தமிழ்க் காதில் 'காட்டாதவர்' என்று விழுகிறது. அட்டையைக் காட்டாதாருக்கு வழியில்லை என்பதால் பொருத்தமாகவும் இருக்கிறது.

ராத்திரி பிரசவ வலி வந்தால்?

கேட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். காவலில் இருப்பவர் மேலிடத்தைக் கேட்க வேண்டும், சாவி வர வேண்டும். பல சமயம் திறந்துவிடுவார்கள், நல்லபடியாகவே. ஆனால் திறப்பார்களா, எவ்வளவு நேரத்தில் என்பது அன்றைக்குக் காவலில் யார் என்பதைப் பொறுத்தது. பாதுகாப்பின்மை என்ற பெரிய வார்த்தைக்கு அந்த ஊர்களில் இதுதான் அர்த்தம். குண்டு எப்போதாவது, கேட் தினமும். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றால் காரணம் துப்பாக்கி மட்டுமில்லை, இந்த ரிஜிஸ்டரும்தான். மகளைப் பார்க்கப் போக யாரிடமெல்லாம் கேட்க வேண்டும் என்று பெற்றவர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

என்ன பயிர் வைப்பது என்றுகூட ராணுவம் சொல்லுமாமே?

முதலில் ஒரு திருத்தம்: ராணுவம் இல்லை, எல்லைப் பாதுகாப்புப் படை, பி.எஸ்.எஃப். 1965 டிசம்பர் 1இல் தொடங்கியது, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. எல்லைக் கிராமத்தில் அரசாங்கம் என்றால் பல சமயம் அதுதான்.

பயிர் விஷயம் உண்மை. சணல் ஆளுயரத்துக்கு மேல் வளரும். மக்காச்சோளமும் வாழையும் அப்படித்தான். அதற்குள் ஆள் நின்றால் தெரியாது என்பதால் வேலியை ஒட்டி உயரப் பயிர் வைக்காதே என்று பல இடங்களில் தடுக்கிறார்கள். பார்வைக்கு மறைப்பு என்பது படையின் நியாயம். ஆனால் வங்காள விவசாயிக்குச் சணல் கையில் காசு தரும் பயிர், குச்சி அடுப்புக்கும் வேலிக்கும் கூரைக்கும். வேலி இங்கே பயிரை மேயவில்லை. பயிரையே மாற்றச் சொல்கிறது. இழப்பீடு பற்றிப் பேச்சே இல்லை.

பெலானி யார்? ஏன் எல்லாரும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்?

பெலானி காத்தூன். 15 வயது. குடிகிராம் மாவட்டத்துப் பெண். குடும்பம் அசாமில் பிழைத்துக்கொண்டிருந்தது. ஊரில் கல்யாணம் நிச்சயமாகி, அப்பாவோடு திரும்பிக்கொண்டிருந்தாள். 2011 ஜனவரி 7, பனி மூடிய அதிகாலை. வேலியில் மூங்கில் ஏணி சாத்தியிருந்தது. அப்பா தாண்டிவிட்டார். பின்னால் ஏறியவளின் உடை முள்ளில் சிக்கியது. பயத்தில் கத்தினாள். காவலில் இருந்தவர் சுட்டார். உடல் மணிக்கணக்கில் கம்பியில் தலைகீழாகத் தொங்கியது. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது.

வழக்கு நடந்தது பொது நீதிமன்றத்தில் அல்ல. கூச் பிஹாரில் படையே கூட்டிய நீதிமன்றத்தில். 2013 ஆகஸ்டில் விசாரணை தொடங்கி, செப்டம்பர் 6 அன்று சுட்டவர் குற்றமற்றவர் என்றார்கள். கண்டனம் எழுந்தபின் மறு விசாரணை. 2015 ஜூலை 2 அன்று மறுபடியும் அதே தீர்ப்பு. அந்த ஆண்டே இந்தியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. குற்றம் இல்லையாம், ஆனால் பணம் கொடு என்கிறார்கள். எல்லைக்காரர்களுக்கு இது புரியாமல் இல்லை, நன்றாகப் புரிகிறது.

மொத்தம் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள்?

யார் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தது. 2010 டிசம்பரில் மனித உரிமைக் கண்காணிப்பகம் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) வெளியிட்ட அறிக்கை, அதற்கு முந்தைய பத்தாண்டில் 900க்கும் மேற்பட்ட வங்கதேசத்தவர்கள் கொல்லப்பட்டதாகச் சொன்னது. வங்கதேச உள்துறை அமைச்சர் 2019இல் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு: 2009 முதல் 2018 வரை 294 பேர், 2009இல் 66, 2018இல் 3. அங்கே இருக்கும் மனித உரிமை அமைப்புகளின் எண்ணிக்கை இதைவிடக் கூடுதல். இந்தப் பக்கத்து இந்தியக் கிராமத்தவர்களும் சுடப்பட்டிருக்கிறார்கள், அடித்துக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். வங்கதேசத்தில் இதற்கு 'சீமாந்த ஹத்யா', எல்லைக் கொலை, என்று ஒரு பெயராவது பத்திரிகையில் இருக்கிறது. இந்தியப் பக்கத்தில் செத்தவருக்கு அதுவும் இல்லை.

செத்தவர்கள் கடத்தல்காரர்கள்தானே? சட்டவிரோதமாகத் தாண்டினால் சுடாமல் என்ன செய்வார்கள்?

நேர்மையான கேள்விதான். சிலர் கடத்தல் வேலையில் இருந்தவர்கள்தான். மாடு, இருமல் மருந்து பாட்டில், சர்க்கரை, துணி என்று இங்கே கடத்தல் நடக்கிறது. ஆனால் வேலி தாண்டுவதற்குச் சட்டப்படி சிறைத்தண்டனைதான். மரண தண்டனை கிடையாது, அதுவும் விசாரணை இல்லாமல்.

ஒரு மாட்டின் பயணத்தை யோசித்துப் பாருங்கள். ஹரியானாவிலோ ராஜஸ்தானிலோ லாரியில் ஏறுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், எத்தனையோ போலீஸ் சோதனைச் சாவடிகளைத் தாண்டி எல்லை மாவட்டத்துக்கு வருகிறது. அதுவரை யாரும் சுடவில்லை. கடைசி அரை கிலோமீட்டரை இருட்டில் மாட்டை ஓட்டிக்கொண்டு கடப்பவர் 'ராக்கால்', அதாவது மாடு மேய்ப்பவர். பெரும்பாலும் நிலமில்லாத வீட்டுப் பையன். குண்டு படுவது அவர்மேல். லாபம் பார்ப்பவர் எல்லைக்கே வருவதில்லை.

நடுவில் 'லைன்' என்று ஒன்று இருக்கிறது. இன்ன ராத்திரி, இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு வழி திறந்திருக்கும் என்ற ஏற்பாடு. அதைப் பேசி முடிப்பவர் 'லைன்மேன்'. யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். 2020இல் மாட்டுக் கடத்தல் வழக்கில் பி.எஸ்.எஃப். கமாண்டன்ட் ஒருவரையே சி.பி.ஐ. கைது செய்தது, ஆகவே இது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை.

இதனால் என்ன ஆகிறதென்றால், ஒருவர் சுடப்பட்டால் ஊரில் முதலில் எழும் கேள்வி 'சட்டப்படி சரியா' என்பதாக இருப்பதில்லை. 'லைன் இருந்ததா, இல்லையா' என்பதுதான். பணம் போய்ச் சேரவில்லையா, ஆள் மாறிவிட்டதா, காவலுக்குப் புதுக் கம்பெனி, அதாவது புதுப் படைப்பிரிவு, வந்ததா? லைன் இல்லாமல் போனான், செத்தான் என்றால் வருத்தப்படுவார்கள், ஆத்திரப்பட மாட்டார்கள். லைன் இருந்தும் சுட்டால் அது துரோகம், ஊரே கொதிக்கும். புல் அறுக்கப் போனவரை, மீன் பிடிக்கப் போனவரைச் சுட்டால் அது வேறு கணக்கு, அதற்கு மன்னிப்பே கிடையாது. வெளியிலிருந்து நாம் எல்லாவற்றையும் 'அரசு வன்முறை' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறோம். அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். அவர்கள் அரசை நியாயப்படுத்துகிறார்கள் என்று இதைப் படிப்பது தப்பு. எழுதின சட்டம் தங்களைக் காப்பாற்றாது என்று தெரிந்தவர்கள், எழுதாத விதியையாவது பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் ஜவான்களை வெறுக்கிறார்களா?

காலையில் திட்டிவிட்டு மாலையில் அதே ஜவானுக்கு டீக்கடையில் இடம் விடுவார்கள். முகாமுக்குப் பால் ஊற்றுகிறவர் இருப்பார், காய்கறி கொடுக்கிறவர் இருப்பார். அந்தப் பக்கத்திலிருந்து மாட்டுத் திருடர்கள் வந்தால் இவர்கள் ஓடுவதும் முகாமுக்குத்தான். வேலி வந்தபின் கொள்ளை குறைந்தது என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு, அதே மூச்சில் தன் பையனை அடித்ததைச் சொல்வார்கள். காவல் வேண்டும், ஆனால் நம்மையே கள்வனாகப் பார்க்காத காவல் வேண்டும் என்பது அவர்கள் நிலை.

ஜவான் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. நம் ஊர்ப் பையன்களே அந்தப் படையில் இருக்கிறார்கள். தமிழ் தவிர வேறு தெரியாமல் போய், கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டு, வங்காளி ஒரு வார்த்தை புரியாத இடத்தில் ராத்திரி முழுக்கப் பனியில் நிற்கிறார்கள். எதிரே வரும் உருவம் விவசாயியா கடத்தல்காரனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட மொழி இல்லை. கடத்தல்காரர்கள் கும்பலாக வந்து அரிவாளால் வெட்டிய ஜவான்களும் உண்டு. 2011க்குப் பிறகு உயிர்ச்சேதம் குறைய ரப்பர், பெல்லட் துப்பாக்கிகள் கொடுத்தார்கள். சாவு குறைந்தது. பெல்லட் பட்டுக் கண் போனவர்கள் சாவுக் கணக்கில் வருவதில்லை.

பெண்களுக்கு இது எப்படி இருக்கிறது?

சோதனைதான் முதல் பிரச்சினை. முன்பெல்லாம் ஆண் காவலர்களே பெண்களையும் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். 2009இல் பெண் காவலர்களைப் படையில் சேர்த்ததற்குக் கேட்டில் பெண்களைச் சோதிக்க ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் எல்லாக் கேட்டிலும் எல்லா நேரமும் அவர்கள் இருப்பதில்லை. கொஞ்சம் கூடுதலாக அரிசி, சர்க்கரை வாங்கிப் போனால் 'கல்யாணமா, கடத்தலா' என்று கேள்வி வரும். விருந்துக்குச் சாமான் கொண்டுபோகப் பஞ்சாயத்து உறுப்பினரிடம் சீட்டு வாங்க வேண்டிய இடங்களும் உண்டு.

சிட்மஹால் என்றால் என்ன? அது முடிந்துபோன விஷயம் இல்லையா?

ஒரு நாட்டுக்குள் தீவு மாதிரி இன்னொரு நாட்டின் துண்டு நிலம். 2015 வரை வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள் இருந்தன. கூச் பிஹார் மகாராஜாவும் முகலாயரும் சதுரங்கத்தில் வைத்து ஆடிய கிராமங்கள் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை, உண்மை இல்லை. 1713 சமாதான உடன்படிக்கையின்போது யார் கையில் எது இருந்ததோ அது அப்படியே நின்றுவிட்டது.

வேலிப் பக்கத்துக் கிராமத்தில் அரசு அளவுக்கு மேல் இருக்கிறது என்றால், இந்தத் துண்டுகளில் அரசே இருந்ததில்லை. சுற்றியிருக்கும் நாட்டுப் போலீஸ் வராது, ஏனென்றால் அது வேறு நாடு. தன் நாட்டுப் போலீஸாலும் வர முடியாது, நடுவில் வேறு நாடு. தலைக்கு மேல் மின்கம்பி போகும், வீட்டில் விளக்கு எரியாது. இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் துண்டில் கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் பக்கத்து இந்தியக் கிராமத்தில் யாரையாவது புருஷன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க யாரையாவது அப்பா என்று காட்ட வேண்டும். அப்படிப் பெயர் கொடுக்கப் பணம் வாங்கினவர்களும் உண்டு, சும்மா கொடுத்தவர்களும் உண்டு. படித்து முடித்த பையனின் சான்றிதழில் பெற்ற அப்பா பெயர் இருக்காது. யாரும் அடிக்கவில்லை, சுடவில்லை. இதற்கு வன்முறை என்று பெயரா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

2015 ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. சுமார் 51,500 பேருக்கு நாடு கிடைத்தது. வங்கதேசப் பக்கத்திலிருந்து இந்தியாவைத் தேர்ந்தெடுத்து வந்த தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் தின்ஹாட்டா, மெக்லிகஞ்ச், ஹல்திபாரி முகாம்களில் தகரக் கொட்டகைக்குள் பல வருஷம் கிடந்தார்கள்.

கச்சத்தீவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாத சம்பந்தம். இந்தத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்திட்டது 1974 மே மாதம். அடுத்த மாதமே கச்சத்தீவு ஒப்பந்தம். இந்திய நிலத்தை இன்னொரு நாட்டுக்குத் தர அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960இல் சொன்னது இதே எல்லையில் உள்ள பேருபாரி விவகாரத்தில்தான். அதனால்தான் சிட்மஹாலுக்கு 2015இல் நூறாவது திருத்தம் கொண்டுவந்தார்கள். கச்சத்தீவுக்குத் திருத்தம் இல்லை; அது நம் நிலம் என்று தீர்மானமாகாத, தகராறில் இருந்த இடம் என்பது மத்திய அரசின் வாதம். ஜெயலலிதா 2008இல் வழக்குப் போட்டபோது பேருபாரியைத்தான் எடுத்துக் காட்டினார்.

ராமேஸ்வரம் மீனவருக்கும் கூச் பிஹார் விவசாயிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மீனவரைச் சுட்டது அடுத்த நாட்டுக் கடற்படை. விவசாயியின் நெற்றியில் டார்ச் அடிப்பது சொந்த நாட்டுப் படை.

சுடப்பட்டவர் குடும்பம் வழக்குப் போட முடியாதா?

போடலாம் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. நடைமுறையில் போலீஸ் நிலையத்துக்கு முதலில் வருவது படையின் புகார்: 'தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம்' என்று. செத்தவரே குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவார். சுட்டவர்மேல் வழக்கு நடக்கப் பொதுவாக அரசின் முன் அனுமதி வேண்டும். 1968ஆம் ஆண்டு பி.எஸ்.எஃப். சட்டத்தின் 80ஆம் பிரிவு, பொது நீதிமன்றமா படை நீதிமன்றமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் படை அதிகாரிக்கே தருகிறது. ஹவுராவில் இருக்கும் 'மாசும்' என்ற அமைப்பு இப்படிப்பட்ட சம்பவங்களை ஒவ்வொன்றாக எழுதி மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பெலானியின் அப்பா 2015இல் உச்ச நீதிமன்றம் போனதும் அவர்கள் துணையோடுதான்.

50 கி.மீ. விவகாரம் என்ன?

மேற்கு வங்கம், அசாம், பஞ்சாபில் எல்லையிலிருந்து 15 கி.மீ. வரை இருந்த பி.எஸ்.எஃப். அதிகாரத்தை 2021 அக்டோபரில் 50 ஆக்கினார்கள். தேடலாம், பிடிக்கலாம், பறிமுதல் செய்யலாம். மேற்கு வங்க, பஞ்சாப் அரசுகள் கூட்டாட்சி பற்றிச் சண்டை போட்டன. எல்லையிலேயே இருப்பவருக்கு இதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை. அவர் எப்போதும் உள்ளேதான் இருந்தார்.

2025இல் 'புஷ் இன்' என்று கேள்விப்பட்டோமே?

அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து, வங்கதேசத்தவர் என்று பல மாநிலங்களில் பிடித்தவர்களை எல்லைக்குக் கொண்டுவந்து, முறையான ஒப்படைப்பு இல்லாமல் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அதில் வங்காளி பேசும் இந்தியக் குடிமக்களும் இருந்தார்கள், சிலர் பிறகு திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். மும்பையிலும் டெல்லியிலும் வேலை செய்யும் முர்ஷிதாபாத், பீர்பூம் ஆட்கள் வேலைக்குப் போகும்போதும் காகிதங்களைப் பையிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புரியும். வங்கதேசத்தவர் சிலரைப் பிடித்தார்கள் என்று செய்தி வந்த மறுநாள், மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து வந்தவரும் வீட்டு உரிமையாளரிடம் ஆதாரைக் காட்ட வேண்டி வரும். கேட்டும் ரிஜிஸ்டரும் அவர்களோடு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்துவிட்டன.

வேலியை முழுதாகப் போட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடாதா?

2025 தொடக்கத்துக் கணக்குப்படி 3,232 கி.மீ. போட்டாயிற்று. மீதி 864 கி.மீ.; அதில் 174 கி.மீ. ஆறும் சதுப்பும், வேலியே நிற்காத இடம். முர்ஷிதாபாத்தில் பத்மா ஆறு ஒவ்வொரு மழைக்கும் கரையைத் தின்று வேறெங்கோ மணல் திட்டாகத் துப்புகிறது. போன வருஷம் இந்தியாவில் உழுத நிலம் இந்த வருஷம் தண்ணீருக்குள் கிடக்கும். அடுத்த வருஷம் திட்டாக எழும்பும்போது அது எந்த நாடு என்று அளந்து சொல்ல அதிகாரிகள் வர வேண்டும். அவர்கள் வருவதற்குள் யாராவது ஒருவர் அதில் கலாய்ப் பருப்பு, அதாவது உளுந்து, விதைத்திருப்பார், இரண்டு பக்கத்துக் காவலரும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.